பிரேக்த்ரூ படத்தை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போடலாமா?

விசுவமடு_ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். விசுவமடுப் பக்கம் ஒரு சின்னச் சபையில் ஞாயிறு பாடசாலை எடுக்கிறேன். 23 பிள்ளைகள், ஆகச் சின்னவனுக்கு 6 வயது, ஆகப் பெரியவளுக்கு 14. மார்கழி விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப் படம் போட்டு, கச்சானும் தேநீரும் கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். இந்த முறை 26ஆம் திகதி காலை என்று பேச்சு. சபையில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிற படம் பிரேக்த்ரூ. 2019இல் வந்த ஆங்கிலப் படம், ரொக்ஸான் டோசன் என்ற பெண் இயக்கியது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் 2015 தை மாதம் 19ஆம் திகதி 14 வயதுப் பையன் ஒருவன் கூட்டாளிகளோடு உறைந்த ஏரிக்கு மேலே விளையாடப்போய், பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்துவிடுகிறான். கிட்டத்தட்ட 15 நிமிடம் தண்ணீருக்குள் கிடக்கிறான். ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பே இல்லை, டொக்டர்மார் கைவிடுகிற நேரத்தில் தாய் உள்ளே வந்து கத்தி ஜெபிக்கிறார், துடிப்பு திரும்புகிறது. நடந்த சம்பவம்தான், தாய் பிறகு புத்தகமாகவும் எழுதினார்.

"ஜெபப் படம்தானே, இதில யோசிக்க என்ன இருக்கு" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் தனியே இருந்து இரண்டு தரம் பார்த்தேன். ஆபாசம் இல்லை, வெட்டுக்கொத்து இல்லை. இரண்டு தரமும் அழுதேன், நல்ல படம். ஆனால் லப்டொப்பை மூடிவிட்டுப் படுத்தால் நித்திரை வரவில்லை.

என் வகுப்பில் 11 வயதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். தாய் சைவம், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார், பிள்ளை ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வருவாள், இங்கே அப்படி எத்தனையோ வீடுகள். போன கிறிஸ்மசுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். முன் அறைச் சுவரில் ஒரு பையனின் படம். பள்ளிக்கூடக் குழுப்படத்தில் இருந்து வெட்டிப் பெருப்பித்தது. பெருப்பித்ததால் முகம் கலங்கிப்போய் இருக்கிறது, பக்கத்தில் நின்ற பிள்ளையின் தோள் ஒரு ஓரத்தில் அப்படியே தெரிகிறது. கீழே சின்னச் சிவப்பு பல்ப். "இது எங்கட பெரியண்ணா" என்று சொன்னாள். 2009இல் போனவன், இவள் பிறக்க நாலு வருடம் முன்னர். கண்டதே இல்லை. ஆனால் ஒவ்வொரு கிழமையும் யாருக்காக ஜெபிக்கவேண்டும் என்று கேட்டால் அவள் சொல்வது அந்தப் பெயரைத்தான். இறந்தவர்களுக்கு நாங்கள் ஜெபிப்பதில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

அவள் இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? அந்தப் பையனின் அம்மா கத்திக் கேட்டார், கடவுள் கொடுத்தார். அப்போ எங்கட அம்மா கேட்கவில்லையா? இந்தக் கேள்வி அவளுக்கு வந்தால் நான் என்ன பதில் சொல்வேன்?

எந்த வயதுக்குப் போடலாம், எந்த இடத்தை விடலாம், அல்லது போடாமலே விடுவது நல்லதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கரைச்சி_தம்பி

அக்கா, தாராளமாகப் போடுங்கள். இதே படத்தை எங்கள் இளைஞர் கூட்டத்தில் போட்டோம், 15இல் இருந்து 20 வயதுவரை இருந்தார்கள், அழுதார்கள், பிறகு ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தார்கள், அப்படி அவர்கள் வாய்திறந்து கதைத்ததை நான் முன்னே பார்த்ததில்லை. நம் பிள்ளைகள் ஃபோனில் பார்க்கிறதை நினைத்துப் பாருங்கள். தலையை வெட்டுகிற படத்தை 7 வயதில் பார்க்கிறார்கள், யாரும் தடுப்பதில்லை. ஜெபம், தாய்ப்பாசம், ஒரு ஊரே ஒரு பிள்ளைக்காக ஆஸ்பத்திரி வாசலில் நின்று பாடுவது, இதைப் பார்க்கத்தான் நாங்கள் பயப்படவேண்டுமா? நம்பிக்கையான கதை ஒன்றைப் பார்க்கிற உரிமை வன்னிப் பிள்ளைக்கும் இருக்கிறது. துக்கம் இருக்கிற வீடு என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் ஒளித்துவைத்தால் அந்தப் பிள்ளைகள் எப்போதுதான் சந்தோசமான முடிவு ஒன்றைப் பார்ப்பது? அதோடு படம் பிஜி தரப்படுத்தல். பிள்ளைகள் பார்க்கலாம் என்று அமெரிக்காவே சொல்லிவிட்டது.


வார்ட்_தாதி

தம்பி சொன்னதில் கடைசி வரியைத் திருத்தவேண்டும். பிஜி என்றால் பிள்ளைகள் பார்க்கலாம் என்று அர்த்தம் இல்லை. பெற்றோரின் வழிகாட்டல் வேண்டும், சில பகுதிகள் பிள்ளைகளுக்குப் பொருந்தாமல் இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். எல்லா வயதுக்கும் பொது என்றால் ஜி என்று போடுவார்கள். 13க்குக் கீழே இன்னும் கவனம் என்று சொல்ல 1984இல் பிஜி-13 என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த முத்திரை அமெரிக்காவில் இருக்கிற தாய் தகப்பனுக்காகப் போட்டது. ரீச்சர் சொன்ன அந்தச் சுவர்ப் படம் அவர்கள் கணக்கில் இல்லை.

நான் வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைசெய்கிறேன். எனக்கு இந்தப் படத்தில் பெரிய பயம் வேறு இடத்தில். அந்தப் பையன் பிழைத்ததில் ஜெபத்துக்கு என்ன பங்கு என்று நான் சொல்ல வரவில்லை, நானும் இரவு டியூட்டிக்குப் போகமுன் கும்பிட்டுவிட்டுத்தான் போவேன். ஆனால் அது பனித்தண்ணீர். அவ்வளவு குளிரில் உடம்பு சட்டென்று குளிர்ந்தால் மூளையின் ஒட்சிசன் தேவையே மிகவும் குறைந்துவிடும், அதனால் நீண்ட நேரம் கிடந்த சிலர், முக்கியமாகப் பிள்ளைகள், பிழைத்து வந்திருக்கிறார்கள். குளிர்ந்துபோய் வருகிறவரை முதலில் சூடாக்கிப் பார்க்காமல் இறந்துவிட்டார் என்று சொல்லக்கூடாது என்றே மருத்துவத்தில் சொல்லித்தருவார்கள். நம் குளத்துத் தண்ணீர் அப்படி இல்லை. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வாய்க்காலிலும் தண்ணீர் சூடு. இங்கே மூச்சு நின்றால் நாலைந்து நிமிடத்திலேயே மூளை பழுதாகத் தொடங்கிவிடும். 15 நிமிடம் என்ற கணக்கு நம் ஊரில் கிடையாது.

மழை தொடங்கிக் குளங்கள் நிரம்புகிற மாதம் மார்கழி. அந்த மாதத்தில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற 9 வயதுப் பையன் மனதில் எது நிற்கும் என்று யோசியுங்கள். எங்களிடம் ஒருமுறை 8 வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். வாய்க்காலில் இருந்து தூக்கியதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றி, பிறகு வயிற்றை அமத்தித் தண்ணீர் எடுத்து, அதற்குப் பிறகுதான் வாகனம் தேடியிருக்கிறார்கள். எல்லாம் பாசத்தில் செய்தது. அந்தச் சுற்றிய நேரத்தில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து நெஞ்சை அமத்தியிருந்தால் என்று நான் இப்போதும் நினைப்பேன். தகப்பனின் சறத்தில் இருந்து வாசற்படியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, அது எனக்கு மறக்காது.

ஆகவே படம் போடுவதென்றால் போடுங்கள், ஆனால் அதே நாளில் தண்ணீரைப் பற்றியும் சொல்லுங்கள். ஒருவன் தாழ்ந்தால் பின்னால் பாயக்கூடாது, கயிறோ தடியோ வெறும் கானோ எறியவேண்டும், கத்திப் பெரியவர்களைக் கூப்பிடவேண்டும், 1990 அம்புலன்சுக்கு அடிக்கவேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு மூச்சுக் கொடுக்கவும் பழக்கலாம்.

வயதைக் கேட்டிருந்தீர்கள். 6, 7 வயதுப் பிள்ளைகளை இருத்தவேண்டாம். அந்த வயதில் திரையில் நடப்பதும் பக்கத்தில் நடப்பதும் ஒன்று. குழாய்கள், மெஷின் சத்தம், தாய் உடம்புக்கு மேலே விழுந்து கத்துவது, இவையெல்லாம் இரவில் திரும்பி வரும். "இது உண்மையாக நடந்தது" என்று முன்னால் சொன்னால் இன்னும் கூடும்.


கடற்கரை_அம்மா

பிள்ளை, நான் முல்லைத்தீவு. கத்தோலிக்கம். மகளின் ஃபோனில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

முதலில் ஒன்று. 26ஆம் திகதி வைக்கவேண்டாம். 2004இல் சுனாமி வந்த அந்த ஞாயிறு காலை பூசைக்குப் போனவர்கள் பாதிப்பேர் திரும்பி வராத குடும்பங்கள் இந்தக் கரையில் இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் விளக்குக் கொளுத்துகிற நாள். தண்ணீருக்குள் பிள்ளை போகிற படத்தை அன்றைக்குப் போடாதேங்கோ, வேறு நாள் பார்க்கவும்.

அடுத்தது உங்கள் கேள்வி. எனக்கு மூன்று பிள்ளைகள். இப்போது இரண்டு. 2009 பங்குனியில் மாத்தளன் பக்கம் ஒரு பங்கருக்குள் மூன்று பேரின் தலைக்கு மேலேயும் என் கையை விரித்து வைத்துக்கொண்டு நானும் கத்தித்தான் செபித்தேன். அந்த அமெரிக்கத் தாயை விட நான் குறைவாகக் கத்தவில்லை. மடு மாதாவைக் கூப்பிட்டேன், எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். நடுவில் இருந்தவன் போய்விட்டான். இரண்டு பக்கத்தில் இருந்தவர்களுக்கும் ஒரு கீறல் இல்லை.

படத்தை மகள் காட்டினாள், நான் பார்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தாய்க்குப் பிள்ளை கிடைத்தது எனக்குச் சந்தோசம்தான். ஒரு தாய்க்காவது கிடைத்ததே. ஆனால் முகாமில் இருந்து வந்த புதிதில் ஒருவர் வீட்டுக்கு வந்து வேதம் வாசித்துவிட்டு, "உங்கட விசுவாசத்தில எங்கயோ குறை இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் என்று சொல்ல விரும்பவில்லை. அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு எத்தனை வருடம் திரிந்தேன் என்று என் மனிதனுக்கும் தெரியாது. கறி காய்ச்சும்போதும் யோசிப்பேன், எந்த இடத்தில் குறைந்தது, அன்றைக்குக் காலையில் செபமாலை முடிக்காமல் தண்ணீர் எடுக்கப் போனேனே, அதுவோ என்று.

ஆகவே எனக்குப் படத்தில் பயம் இல்லை, படம் முடிந்ததும் மைக்கைப் பிடிக்கிற ஆளில்தான் பயம். யாராவது எழும்பி "பாத்தீங்களா பிள்ளையள், விசுவாசமாக் கேட்டா ஆண்டவர் தருவார்" என்று முடித்தால், அந்தச் சின்னப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாயின் முகத்தைப் பார்ப்பாள். அதுதான் நடக்கக்கூடாது. இயேசுவே தோட்டத்தில் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார்தானே. நீங்கவில்லையே. அவருக்கு விசுவாசம் குறைவா? அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ.


வவுனிக்குளம்_அறநெறி

நான் சைவம். பாண்டியன்குளம் பக்கம் அறநெறிப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இது உங்கள் சபை விசயம், நான் மூக்கை நுழைப்பதாக நினைக்கவேண்டாம், ஆனால் இதே சிக்கல் எனக்கும் வருடா வருடம் வருகிறது.

எங்கள் நாயன்மார் கதைகளில் இறந்த பிள்ளை எழும்பும் கதை ஒன்றல்ல. அப்பூதியடிகளின் மூத்த மகன் வாழையிலை வெட்டப்போய்ப் பாம்பு கடித்து இறக்கிறான், அப்பர் பதிகம் பாட எழும்புகிறான். இதை நான் சொல்கிற பிள்ளைகளின் வீட்டுக் கோடியில் புடையனும் எண்ணெய்விரியனும் திரிகிறது. ஒரு வருடம் கதை முடிந்ததும் ஒரு பையன் கேட்டான், "சேர், அப்ப பாம்பு கடிச்சா தேவாரம் பாடினாக் காணுமா?" அன்றிலிருந்து, கடிபட்ட காலை ஆட்டாமல் நேரே ஆஸ்பத்திரி, கத்தியால் கீறக்கூடாது, கயிறு இறுக்கிக் கட்டக்கூடாது, அப்புறம் தேவாரம் என்று சொல்லாமல் நான் அந்தக் கதையை முடிப்பதில்லை. தாதி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் நான் எழுத வந்தது சுந்தரரின் அவிநாசிக் கதைக்காக. ஐந்து வயதுப் பையன்கள் இரண்டு பேர் குளத்தில் குளிக்கப் போகிறார்கள், ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது, மற்றவன் தப்பி வருகிறான். சில வருடம் கழித்துச் சுந்தரர் அந்தத் தெருவால் போகும்போது ஒரு வீட்டில் தப்பிய பையனுக்குப் பூணூல் சடங்கு, மேளச்சத்தம். எதிர்வீட்டில் அழுகைச் சத்தம். தங்கள் பிள்ளை இருந்திருந்தால் இன்றைக்கு அவனுக்கும் இதே வயது என்று தாயும் தகப்பனும் அழுகிறார்கள். சுந்தரர் பாட, முதலை பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறது. நம் குளங்களிலும் முதலை இருக்கிறது, அதனால் பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள்.

நான் முன்பெல்லாம் அற்புதத்தைத்தான் பெரிதாகச் சொல்வேன். இப்போது எதிர்வீட்டில் நின்று சொல்கிறேன். சுந்தரர் மேளம் கேட்ட வீட்டுக்குப் போகவில்லை. அழுகைச் சத்தம் கேட்டு நின்றார், யார் வீடு, என்ன நடந்தது என்று கேட்டார். அந்த இடத்தில் கதையை நிறுத்தி, "உங்கட ஒழுங்கையில அப்பிடி எந்த வீடு இருக்கு?" என்று கேட்பேன். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், ரீச்சர். ஒவ்வொருவராகச் சொல்லுவார்கள். தங்கள் சொந்த வீட்டையும் சொல்லுவார்கள்.

உங்கள் படத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது, இதை வாசித்துவிட்டு நேற்று இரவு தேடிப் பார்த்தேன். பையன் பிழைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்த பிறகு, நீ மட்டும் ஏன், என் ஆளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அவனைக் கேட்கிறார்கள். அவனிடம் பதில் இல்லை. படத்தை எடுத்தவர்கள் அந்தக் கேள்வியை ஒளிக்கவில்லை, அது அவர்களின் நேர்மை. படம் நீளம் என்று கடைசிப் பகுதியை ஓட்டிவிட்டுத் தேநீர் கொடுத்துவிடாதீர்கள். அந்த இடம்தான் உங்கள் 11 வயதுப் பிள்ளைக்கு வேண்டிய இடம்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. அந்தப் பிள்ளையின் தாய் சைவம் என்கிறீர்கள். படம் போடமுன் தாயிடம் கேட்டீர்களா? நிரூபிக்க நினைக்கிற படம் இது, ஜெபித்தார்கள் நடந்தது என்று. எங்கள் பக்கம் யாராவது எனக்குச் சொல்லாமல் என் பிள்ளைக்குக் காட்டியிருந்தால் எனக்கு மனவருத்தம் வந்திருக்கும். கேட்டால் பெரும்பாலும் ஓம் என்பார்கள். கேட்காமல் செய்தால்தான் பிரச்சினை.


இல்ல_அன்ரி

ஒரு விசயம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பையன் தத்துப்பிள்ளை. குவாத்தமாலாவில் பிறந்தவன். பெற்ற தாய் தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்ற கோபம் அவனுக்குள் இருக்கிறது, வகுப்பில் தன் குடும்ப வேரைப் பற்றிப் பேசச் சொன்னால் ஏனோதானோ என்று செய்துவிட்டு வருகிறான், வளர்த்த தாயிடம் எரிந்து விழுகிறான். நான் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் 12 வருடம் வேலைசெய்கிறேன். எங்கள் பெரிய பிள்ளைகள் இந்தப் படத்தில் ஏரிக்காட்சிக்கு அழவில்லை, அந்த வகுப்புக் காட்சியில்தான் ஒருத்தி எழும்பி வெளியே போனாள். உங்கள் 23 பேரில் அம்மம்மாவோடு, சித்தியோடு வளர்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைக் கதவுக்குக் கிட்ட, உங்கள் பக்கத்தில் இருத்துங்கள். எழும்பிப் போனால் தடுக்காதீர்கள், ஒருவர் பின்னாலே போய்ச் சும்மா பக்கத்தில் நின்றால் போதும். அன்றைக்கு நானும் அவளும் கிணற்றடியில் அரைமணித்தியாலம் நின்றோம், ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு அவளாகவே வந்து மிச்சப் படத்தைப் பார்த்தாள்.


கரைச்சி_தம்பி

தாதி அக்கா, பிஜி விசயத்தில் நான் பிழை, ஏற்றுக்கொள்கிறேன். அம்மா எழுதியதை வாசித்த பிறகு இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் இளைஞர் கூட்டத்தில் படம் முடிந்ததும் மைக்கைப் பிடித்தவன் நான்தான். கிட்டத்தட்ட அதே வசனத்தைத்தான் சொன்னேன். அன்றைக்கு இருந்தவர்களில் யார் வீட்டில் யார் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துகொண்டே சொன்னேன், அது யாருக்கும் குத்தும் என்று அப்போது தோன்றவில்லை. இந்த ஞாயிறு இரண்டு பேரிடம் போய்க் கதைக்கப்போகிறேன்.


விசுவமடு_ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. அம்மா, உங்கள் பதிலைப் பாஸ்டருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 26 வேண்டாம், 28ஆம் திகதிக்கு மாற்றுவோம் என்றார். படம் முடிந்ததும் யாரும் பிரசங்கம் செய்வதில்லை என்றும் முடிவு. அதற்குப் பதிலாகப் படத்துக்கு முன்னால் நான் அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை வாசிக்கப் போகிறேன். அதில் இயேசுவின் சீடர்களில் யாக்கோபை வாளால் கொன்றுவிடுகிறார்கள், பேதுருவைத் தூதன் சிறையில் இருந்து வெளியே கொண்டுவருகிறான். ஒரே அதிகாரம், ஒரே சபை, இரண்டு பேரையும் நேசித்தவர்கள் அதே ஆட்கள். யாக்கோபுக்காக யாரும் ஜெபித்திருக்க மாட்டார்கள் என்று யாராவது சொல்லமுடியுமா? இத்தனை வருடம் பேதுருவின் பாதியை மட்டும்தான் படிப்பித்து வந்திருக்கிறேன், இந்தக் கிழமைதான் அது எனக்கே பிடிபட்டது.

10 வயதுக்குக் கீழே உள்ள ஒன்பது பேருக்கும் படம் இல்லை, அவர்களை இன்னொரு ரீச்சர் கொட்டிலில் வைத்து விளையாட்டுக் காட்டுவார். மற்றவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள், சரி என்று வந்துவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாய் முற்றத்தில் இருந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கதையை முழுக்கச் சொன்னேன், ஒளிக்கவில்லை, பிள்ளை பிழைக்கிறான் என்பதையும் சொன்னேன். சுளகை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். "அவளுக்கு இது பிரச்சினை இல்லை ரீச்சர், அவள் என்னட்ட முந்தியே கேட்டவள்" என்றார். என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, தானும் வரலாமா என்று கேட்டார். வாருங்கள் என்றேன். "பிள்ளை தண்ணிக்குள்ள போற இடம் வரமுன்னம் எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ, நான் வெளியில போய் நிண்டிட்டு வாறன்" என்றார்.

அந்த நிமிடக் கணக்கை இன்றைக்கு இரவு படத்தைப் போட்டுக் குறித்து வைக்கிறேன். இல்ல அன்ரி, நீங்கள் சொன்னபடி கதவடியில் இரண்டு வாங்கு போடுகிறோம்.

தாதி அக்கா, 28ஆம் திகதி காலை உங்களுக்கு டியூட்டி இருக்கிறதா? படத்துக்கு முன்னர் அரைமணித்தியாலம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் விசயம் சொல்லித்தர வரமுடியுமா? கயிறும் வெறும் கானும் நாங்கள் எடுத்து வைக்கிறோம்.


வார்ட்_தாதி

அன்றைக்கு இரவு டியூட்டி, காலையில் வரலாம். கான் ஐந்து லீற்றர் போதும், மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். பழைய தலையணை ஒன்றும் எடுத்து வையுங்கள், நெஞ்சை அமத்திப் பழகுவதற்கு.